படித்துறை போர்டு

சென்ட்ரல் பேங்க், பேங்க் ஆஃப் இந்தியா, பஞ்சாப் நேஷனல், பரோடா, யூகோ, கனரா, யுனைடெட், தேனா, சிண்டிகேட், யூனியன், அலகாபாத், இந்தியன், மகாராஷ்டிரா, ஐ.ஓ.பி. எங்கே, மூச்சு விடாமல் ஒருதரம் சொல்லிப் பாருங்கள். 14-ம் வந்துவிட்டதா? எனக்கு வந்துவிட்டது. 1969 ஜூலை 19-ல் தேசியமயமானவை. 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் வைத்திருந்த பேங்குகள். பதினாறாம் வாய்ப்பாடு மாதிரி இதையும் ஒப்பித்துக்கொண்டுதானே நாம் கும்பகோணத்துத் தெருக்களில் நடந்தோம். பாலக்கரையில் ஆரம்பித்தால் பகவத் படித்துறை வருவதற்குள் பேங்க் முடிந்து, அணைக்கட்டுகள் முடிந்து, ஆப்பிரிக்காவின் தலைநகரங்கள் பாதி ஆகியிருக்கும்.

அந்தப் பட்டியல் இருந்த வேலைப் பரீட்சைக் கைடு மண்டி அண்ணனுடையது. உங்களுக்கு அவரை நன்றாகவே ஞாபகம் இருக்கும். ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார், காதில் எப்போதும் ஒரு பென்சில். அவங்க அப்பாவுக்குக் கடைத்தெருவில் வெற்றிலை மண்டி. பி.காம். முடித்துவிட்டுப் பகலில் மண்டிக் கணக்கு எழுதுவார். வெயில் தாழ்ந்ததும் கைடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காவிரிக்கரைக்கு வந்துவிடுவார். மெட்ராஸுக்கு ஏதோ பரீட்சைக்குப் போனபோது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய புத்தகம். 1974-ம் வருஷப் பதிப்பு. முன்னட்டை போய், பழுப்புத் தாளில் அவரே அட்டை போட்டு, மைதாப் பசை தடவி ஒட்டியிருந்தார். பகல் முழுக்க ஈரக்கோணி போர்த்திய கவுளிகளுக்கு நடுவில் கிடக்கிற புத்தகம் ஆதலால், எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் கொழுந்து வெற்றிலை மணக்கும். புத்தக வாசனை என்று மற்றவர்கள் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு அந்த வெற்றிலை மணம்தான் மூக்குக்கு வருகிறது.

பழைய பதிப்பு என்பதில் ஒரு வசதி இருந்தது. அதை நாம் அப்போது வசதி என்று நினைக்கவில்லை. புத்தகத்தில் மொத்தம் 21 மாநிலங்கள். சிக்கிம் 1975-ல்தான் சேர்ந்தது. அண்ணன் 21-ஐ அடித்து 22 என்று எழுதியிருந்தார். தஹோமி என்று ஒரு நாடு இருந்தது, அதன்மேல் கோடு போட்டு பெனின். ரொடீஷியாவை அடித்து ஜிம்பாப்வே. தலைநகர் சாலிஸ்பரியை 1982-ல் அடித்து ஹராரே. 14 பேங்குகளுக்குக் கீழே ஓரத்தில் 1980 ஏப்ரலில் வந்த ஆறு பேர்: ஆந்திரா, கார்ப்பரேஷன், நியூ பேங்க், ஓரியண்டல், பஞ்சாப் அண்ட் சிந்த், விஜயா. அப்பர் வோல்டா என்ற நாடு 1984-ல் புர்கினா ஃபாஸோ ஆனபோது அந்தப் பெயரை யார் சரியாக உச்சரிப்பது என்று படித்துறையில் ஒரு சாயங்காலம் முழுக்க வாதம் நடந்தது. எல்லாத் திருத்தமும் பென்சிலில்தான். பேனாவால் எழுதக்கூடாதா அண்ணே என்று யாரோ கேட்டதற்கு, "உலகம் மறுபடி மாறினா எங்கடா போய் எழுதுறது?" என்றார். புதுப் புத்தகம் வாங்கியிருந்தால் சரியான விடையை மட்டும் படித்துவிட்டுப் போயிருப்போம். இதில், நேற்றைக்கு எது விடையாக இருந்தது, அது ஏன் மாறியது என்பதும் சேர்ந்தே மனசில் ஏறியது. எது கேட்டாலும் "எப்பத்திலேர்ந்து?" என்று கூடவே கேட்கிற பழக்கம் எனக்கு அங்கே ஒட்டிக்கொண்டதுதான்.

கைடின் கடைசி அத்தியாயம் இன்டர்வ்யூ. அந்தப் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும். கதவைத் தட்டு, அனுமதி கேள். உட்காரச் சொல்லும்வரை உட்காராதே. நாற்காலியைத் தரையில் இழுக்காதே. கையை மேஜைமேல் வைக்காதே. கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதில் சொல், ஆனால் மற்றவர்களையும் விட்டுவிடாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல், சுற்றி வளைக்காதே. இந்தக் கடைசி வரிக்குக் கீழே அண்ணன் இரண்டு கோடு போட்டிருந்தார். நம் வீடுகளில் நாற்காலியே ஒன்றோ இரண்டோதான், அதுவும் வந்தவர்களுக்கு. நாற்காலியை இழுக்காமல் உட்காருவது எப்படி என்று பழகுவதற்காகத் தபாலாபீஸ் மாமா வீட்டு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படித்துறைக் கல்லில் போட்டுப் பார்த்தோமே!

இதோ, ஆடி மாசம். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்து, ஆறு செம்மண் நிறத்தில் நிறைய ஓடுகிறது. கல்படியில் ஈரம். பெண்டுகள் மஞ்சள் உரசிக் குளித்துவிட்டுப் போன வாசனை இன்னும் கல்லில் இருக்கிறது. மேல்படியில் போர்டு உட்கார்ந்திருக்கிறது: நடுவில் ரிட்டயரான ஹெட்மாஸ்டர், மடியில் குடை, வலப்பக்கம் தபாலாபீஸ் மாமா, இடப்பக்கம் மண்டி அண்ணன், கையில் புத்தகம். அரசமரத்தடிதான் கதவு. மரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "மே ஐ கம் இன், சார்?" என்று கேட்டுக்கொண்டு நீங்கள் வருகிறீர்கள். "யெஸ், கம் இன்" என்கிறார் ஹெட்மாஸ்டர். நாமெல்லாம் கீழ்ப்படிகளில், தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, மூச்சுக் காட்டாமல்.

"ஒரு ரூபா நோட்டுல யார் கையெழுத்து?"

"ஃபைனான்ஸ் செகரட்டரி, சார்."

"ஏன், ரிசர்வ் பேங்க் கவர்னர் போடக்கூடாதா?"

"ஒரு ரூபாயை வெளியிடறது கவர்ன்மெண்ட், சார். மத்த நோட்டைத்தான் ரிசர்வ் பேங்க் வெளியிடுது."

"அடுத்தது," என்பார் அண்ணன். பதில் சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் அவருக்கு ஒரே வார்த்தைதான். முகத்திலிருந்து ஒன்றும் தெரியாது. போர்டில் உட்கார்ந்திருக்கிறவன் முகம் அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள் என்பார். ஆனால் எல்லாம் முடிந்து காபிக் கடைக்கு நடக்கும்போது தோளில் கை போட்டு, ப்ளெட்ஜுக்கும் ஹைப்பாதிகேஷனுக்கும் வித்தியாசம் சொல்லத் திணறியவனுக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுப்பார். "அம்மா வளையலை அடகுக்கடையில குடுத்துட்டு வந்தா ப்ளெட்ஜ். பொருள் அவன் கையில. பம்பு செட்டுக்கு லோன் வாங்கினா, செட்டு நம்ம வயல்லயே ஓடிக்கிட்டிருக்கும், ஆனா பேங்குக்குக் கட்டுப்பட்டது. அதான் ஹைப்பாதிகேஷன். வீடு, நிலம்னா மார்ட்கேஜ்." கைடில் இது எட்டு வரி இங்கிலீஷ். அண்ணன் வாயில் வந்தபிறகு யாருக்கும் மறந்ததில்லை. பித்தளை டபராவில் காபி ஆறுகிறவரை இப்படி ஏதாவது ஒன்று நடக்கும்.

மழை வந்தால் போர்டு எதிர்வீட்டுத் திண்ணைக்கு மாறும். அந்த வீட்டு அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். காலை ஆறு மணிக்கே இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டன் மெஷின்கள் சடசடவென்று ஆரம்பித்துவிடும். ரிப்பன் மையும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை தெருமுனைவரை வரும். நம் எல்லோருடைய அப்ளிகேஷனும் அக்கா அடித்துக் கொடுத்ததுதான். படித்துறைக்கு அவர் வரமுடியாது, அந்தக் காலம் அப்படி. திண்ணையில் போர்டு கூடும் நாட்களில் ரேழிக்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் கிராம வங்கிகள் எப்போது ஆரம்பித்தன என்ற கேள்விக்குத் திண்ணையில் இருந்த யாருக்கும் பதில் வரவில்லை. "1975, அக்டோபர் 2" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, வெளியே வந்து உட்காரு. கேள்வி எல்லாருக்கும்தான்" என்றார். அன்றிலிருந்து மழை இல்லாத நாளிலும் வாரத்தில் ஒருநாள் போர்டு திண்ணையில்தான். நம் கூட்டத்தில் முதலில் கிளார்க் வேலைக்குத் தேர்வானது அக்காதான். ஆர்டர் வந்த அன்று அவர் அப்பா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார்.

அப்ளிகேஷன் போடுவது என்பதே எத்தனை வேலை அப்போது! சர்டிபிகேட் காப்பிகளை டைப் அடித்து, கெஜடட் ஆபீஸரைத் தேடிப்போய்ப் பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் சாப்பிடப் போயிருப்பார். வாசலில் காத்திருக்க வேண்டும். போஸ்டல் ஆர்டர் வாங்கிக் குறுக்கே இரண்டு கோடு போட வேண்டும். நன்னடத்தைச் சான்றிதழுக்குக் கல்லூரி வாசலில் ஒரு காத்திருப்பு. மூணு வருஷத்துக்கு ஒருதரம் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் கார்டைப் புதுப்பிக்கத் தஞ்சாவூர் பஸ். எல்லாம் அனுப்பியபிறகு போஸ்ட்மேன் வரும் நேரத்தில் வாசலில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும். 1980-ல் 'வறுமையின் நிறம் சிவப்பு'ம் 'நிழல்க'ளும் வந்தபோது தியேட்டரில் நம் வயசுப் பையன்கள் எழுந்து வர மனசில்லாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இருந்தது. திரையில் இருந்தவன் கையிலும் ஒரு சர்டிபிகேட் ஃபைல்.

இன்டர்வ்யூ கார்டு ஒருத்தனுக்கு வந்தால் தெருவுக்கே வந்த மாதிரி. கறுப்பு ஷூ ஒரே ஜோடிதான் இருந்தது, எட்டாம் நம்பர். துணிக்கடையில் வேலை பார்த்த மூத்தவர் வாங்கியது. ஏழாம் நம்பர்க் காலுக்கு நுனியில் பேப்பர் திணித்துக்கொள்வது, ஒன்பதாம் நம்பர்க் காலுக்கு ஸாக்ஸ் இல்லாமல் போட்டுக்கொள்வது. அந்த ஷூ போகாத ஆபீஸ் இல்லை. முதல்நாள் சாயங்காலம் தேய்ப்புக்காரர் வண்டியில் கரிப்பெட்டி கனகனவென்று சிவந்திருக்கும். தண்ணீர் தெளித்த சட்டைமேல் பெட்டி ஓடும்போது எழும் ஆவியில் கஞ்சி வாசனை. "நாளைக்கா தம்பி?" என்பார். இன்டர்வ்யூ சட்டைக்கு அவர் காசு வாங்கமாட்டார். வேலை கிடைத்தபிறகு கொடு என்பார். ஆதி கும்பேஸ்வரருக்கு ஒரு தேங்காய். அம்மாமார்கள் நெற்றியில் திருநீறு இட்டுவிடுவார்கள். அது இன்டர்வ்யூவுக்கு ஆகுமா ஆகாதா என்று நமக்குள் குழப்பம் வந்தபோது ஹெட்மாஸ்டர், "அவங்க கை பட்டது இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். ராத்திரி மீட்டர்கேஜ் வண்டி, விடிகாலை எழும்பூர், திருவல்லிக்கேணி மேன்ஷனில் நம்மூர்க்காரர் யாராவது ஒருவருடைய அறையில் ஒரு குளியல். அந்த அறையில் ஏற்கெனவே நாலு பேர் இருப்பார்கள். அவர்களிடமும் ஒரு கைடு இருக்கும். அதில் இல்லாத கேள்வி ஒன்றை நமக்குச் சொல்லுவார்கள், நம்முடையதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்தது. போய்வந்தவன் யாராக இருந்தாலும், வண்டியை விட்டு இறங்கிய அன்று ராத்திரியே அண்ணனிடம் ஆஜராக வேண்டும். வேலை கிடைக்குமா என்று அண்ணன் கேட்கமாட்டார். "என்ன கேட்டான்? ஒண்ணு விடாம சொல்லு" என்பார். அரிக்கேன் விளக்கை மண்டி மேஜையில் வைத்துக்கொண்டு, கோடு போட்ட நோட்டுத் தாள்களில் எழுதுவார். தேதி, ஊர், எந்த வேலைக்கு, போர்டில் எத்தனை பேர், முதல் கேள்வி, கடைசிக் கேள்வி, எதற்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தாள்களைச் சணல் ஊசியால் கைடின் பின்னால் சேர்த்துத் தைத்துவிடுவார். வருஷம் ஆக ஆக அச்சடித்த பாகத்தைவிடத் தைத்த பாகம் தடித்துப்போயிற்று.

அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்த்தால் தெரியும், கைடு எழுதியவர் வடக்கே எங்கோ உட்கார்ந்து யோசித்த கேள்விகள் வேறு, கும்பகோணத்துப் பையனைப் பார்த்ததும் போர்டுக்காரர்களுக்குத் தோன்றிய கேள்விகள் வேறு. உங்கள் ஊரில் மகாமகம் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை? 12. கடைசியாக எப்போது வந்தது? 1980. ஒரு கவுளிக்கு எத்தனை வெற்றிலை? நூறு. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு எதனால் செய்வது? உங்கள் ஊரிலேயே பிறந்த பேங்க் ஒன்று உண்டே, தெரியுமா? 1904-ல் கும்பகோணம் பேங்க் என்று ஆரம்பித்தது, இன்றைய சிட்டி யூனியன். அது அரசாங்கம் எடுத்துக்கொண்ட பட்டியலில் ஏன் இல்லை? இதற்கு அண்ணன் எழுதியிருந்த விடை: டெபாசிட் வரம்பைத் தொடவில்லை. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், '1969-ல் 50 கோடி, 1980-ல் 200 கோடி.'

பொழுதுபோக்கு என்ன என்ற கேள்விக்கு மட்டும் தனியாக இரண்டு பக்கம். கைடு சொன்னது ஸ்டாம்ப் சேகரித்தல், தோட்டம் போடுதல், போட்டோ எடுத்தல். இதையெல்லாம் சொல்லாதீர்கள் என்றார் அண்ணன். உனக்கு நாயனம் கேட்கப் பிடிக்கும், அதைச் சொல்லு. எந்த ராகம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்துகொண்டு போ. உனக்கு ஆத்தில் நீந்தத் தெரியும், அதைச் சொல்லு. கோவில் உற்சவத்தில் பந்தி பரிமாறி இருக்கிறாயா, அதைச் சொல்லு. ஐந்நூறு பேருக்கு எத்தனை படி அரிசி என்று சொல்லத் தெரிந்தவனைப் போர்டுக்குப் பிடிக்காமல் போகாது. நாம் செய்துகொண்டிருந்ததெல்லாம் வெளியே சொல்லத் தகுந்தது என்பதையே அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

கைடு படிக்கிறவன் மட்டம் என்று கல்லூரியில் சில வாத்தியார்கள் சொல்லுவார்கள். மூலப் புத்தகம் படிக்காமல் சுருக்கத்தை மேய்கிறான் என்பது குற்றச்சாட்டு. ஹெட்மாஸ்டருக்கு இந்தப் பேச்சு ஆகாது. குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஆரம்பிப்பார். "சாரங்கபாணி சந்நிதித் தெருவில ஒரு பையன் இருந்தான். பதினஞ்சு, பதினாறு வயசுல அவன் கைக்கு என்ன புஸ்தகம் வந்தது? கார் எழுதின சினாப்ஸிஸ். அவரு யாரு? பரீட்சைக்குப் பையன்களைத் தயார் பண்ற ட்யூஷன் வாத்தியாரு. ஆயிரக்கணக்கான தேற்றம், நிரூபணம் பெரும்பாலும் கிடையாது, வரிசையா அடுக்கி வெச்சிருக்கும். அதுவும் கைடுதான். அதை வெச்சுக்கிட்டு ராமானுஜன் என்ன பண்ணினான்?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கேம்பிரிட்ஜ் பரீட்சைக்காகத் தொகுத்த சூத்திரக் கொத்து அது. இந்த ஊரில் ஒரு பையனிடம் வந்தபோது அவன் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்த்தான், பிறகு அதில் இல்லாததற்குப் போய்விட்டான். நம் காவிரிக்கரைக் கல்லூரியில்தான் மற்றப் பாடங்களில் தவறி ஸ்காலர்ஷிப்பை இழந்தான். 1912 பிப்ரவரியில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஒரு கிளார்க் வேலைக்கு அவன் எழுதிய விண்ணப்பம் இருக்கிறது; கிடைத்தது மாசம் 30 ரூபாய். இதைச் சொல்லி முடித்ததும் ஹெட்மாஸ்டர் நம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். "கிளார்க் அப்ளிகேஷன் போடறோமேன்னு யாரும் தலையைத் தொங்கப்போட வேண்டாம்." அந்த வாக்கியம் எத்தனை பேரை ரயிலேற்றி அனுப்பியது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒவ்வொருத்தராகப் போனோம். அக்கா திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமக் கிளைக்கு. துணிக்கடை மூத்தவர் எல்.ஐ.சி.க்கு, ஷூவைத் தெருவுக்கே விட்டுவிட்டு. நீங்கள் வடக்கே. நான் மெட்ராஸ். போன இடத்திலிருந்து கடிதம் எழுதும்போது புதுசாகக் கேட்ட கேள்வி ஏதாவது இருந்தால் சேர்த்து எழுதுவோம். மண்டி அண்ணனுக்கும் கார்டு வரும், போவார், வருவார், தன் கேள்விகளையும் அதே விளக்கடியில் எழுதித் தைத்துவிடுவார். எழுத்துப் பரீட்சையில் அவரை யாரும் மிஞ்சியதில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால் என்ன ஆயிற்று என்று அவர் சொன்னதில்லை, நாம் கேட்டதும் இல்லை. வயது வரம்பு தாண்டியது. அதற்கு மறுநாள் சாயங்காலமும் படித்துறைக்கு வந்தார். "அடுத்தது" என்றார். நம்மைவிடப் பத்து வயசு சின்னப் பையன்கள் எதிரே நின்றார்கள்.

மூர் மார்க்கெட் 1985 மே 30-ல் எரிந்தது. 1900-லிருந்து நின்ற கட்டடம். எத்தனை பேருடைய பென்சில் குறிப்புகள் அதில் போயினவோ. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. பலகையில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. அவசரமாக வண்டி பிடிக்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு பிளாட்பாரத்தின் பெயர். ஒரு ரூபாய் நோட்டு அச்சடிப்பதை 1994-ல் நிறுத்தினார்கள், 2015-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். நாம் மனப்பாடம் செய்த 14-ல் தேனா 2019-ல் போயிற்று. யுனைடெட், சிண்டிகேட், அலகாபாத் மூன்றும் 2020 ஏப்ரல் 1-ல். ஓரத்தில் பென்சிலில் எழுதிய ஆறில் நியூ பேங்க் 1993-லேயே. இன்று சொந்தப் பெயரில் இருப்பது பஞ்சாப் அண்ட் சிந்த் ஒன்றுதான். அக்கா சேர்ந்த பேங்கும் இல்லை. அவருக்கு பென்ஷன் இப்போது வேறு பேங்கின் பெயரில் வருகிறது. பாஸ்புக்கின் பழைய அட்டையை எடுத்து வைத்திருக்கிறார். மத்திய அரசில் கீழ்நிலை வேலைகளுக்கு இன்டர்வ்யூவே வேண்டாம் என்று 2016 ஜனவரி 1-லிருந்து எடுத்துவிட்டார்கள். பேங்க் கிளார்க்குக்கும் இப்போது எழுத்துப் பரீட்சையோடு சரி. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். இங்கிலீஷில் நாக்கு தடுக்கியதற்காக, சட்டைக்காலர் நைந்திருந்ததற்காக வெளியே அனுப்பப்பட்ட பையன்களை நாம் பார்த்திருக்கிறோம். மண்டி அண்ணன் இன்றைய பிள்ளையாக இருந்திருந்தால் முதல் பரீட்சையிலேயே வேலைக்குப் போயிருப்பார்.

ஆபீஸர் வேலைக்கு மட்டும் இன்டர்வ்யூ இன்னும் இருக்கிறது. என் தங்கை பையன் அதற்குத்தான் தயாராகிறான். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போன், எதிரே லேப்டாப். திரையில் இருக்கிறவர் எந்த ஊர்க்காரர் என்று இவனுக்குத் தெரியாது. இவன் எந்த ஊர் என்று அவர் கேட்டமாதிரியும் இல்லை. கேள்வி கேட்கிறார், பதில் சொல்கிறான், கை அசைவு அதிகம் என்று திருத்துகிறார். கெட்டிக்காரப் பிள்ளை. எட்டாம் நம்பர் ஷூ அவனுடையதே இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் நாம் தெருவெல்லாம் கடன் வாங்கியது அவன் அறைக்குள்ளேயே இருக்கிறது. காபி கொண்டுபோன அவன் அம்மாதான் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்கிறாள். போய்வந்தவர்கள் தங்களுக்கு என்ன கேட்டார்கள் என்று எழுதிப்போடுகிற குழு ஒன்று அவன் போனில் இருக்கிறது. தேதி, ஊர், போர்டில் எத்தனை பேர், முதல் கேள்வி, கடைசிக் கேள்வி. அதைப் பார்த்ததும் எனக்குக் கும்பகோணத்துக்குப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது.

மண்டி சின்னதாகிவிட்டது. முன்பாதியில் யாரோ போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார்கள். அண்ணன் பின்பாதியில், ஈரக்கோணிக்குப் பக்கத்தில். தலை முழுக்க வெளுத்திருக்கிறது. திண்ணை இருந்த எதிர்வீடு இப்போது மூன்று மாடி. கீழே கார் நிறுத்துகிறார்கள். படித்துறைக்குப் போனீர்களா அண்ணே என்றேன். காலை வழுக்குகிறது, போவதில்லை என்றார். புத்தகம் எங்கே என்று கேட்டேன். தொண்ணூறுகளில் பி.எஸ்சி. முடித்த பையன் ஒருத்தன் ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கிப்போனானாம். பிறகு பெங்களூர்ப் பக்கம் வேலை என்று கேள்வி. "யார்கிட்டயாவது இருக்கும்" என்றார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது. அந்தத் தைத்த பக்கங்களில் என் இருபத்திரண்டு வயசுப் பதில்கள் இருந்தன, உங்களுடையதும்.

தங்கை பையனின் போனிலிருந்து அந்தக் கேள்விகளை நான் என் போனுக்கு வாங்கி வைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வாசி, பாப்போம்" என்றார். வாசித்தேன். ரெப்போ ரேட் என்றால் என்ன? நான் கேள்வியை முடிக்கவில்லை, பதில் வந்துவிட்டது. பொதுத்துறை பேங்குகள் இப்போது எத்தனை? 12 என்று சொல்லி, ஸ்டேட் பேங்கைச் சேர்த்து என்று திருத்தமும் சொன்னார். பாண்டியன் கிராம வங்கி என்ன ஆயிற்று? பல்லவனோடு சேர்ந்து 2019-ல் தமிழ்நாடு கிராம வங்கி. யு.பி.ஐ. பணம் ஒரு பேங்கிலிருந்து இன்னொரு பேங்குக்கு நடுவில் யார் வழியாகப் போகிறது? இதற்கு மட்டும் நிறுத்தினார். முன்கடைப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் கடையில் ஒட்டியிருந்த கியூ.ஆர். அட்டையைக் காட்டி ஏதோ சொன்னான், அது கேள்விக்குப் பதில் இல்லை. நான் நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காதிலிருந்து பென்சிலை எடுத்து, மண்டிச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பையனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எப்பத்திலேர்ந்து?"

"யு.பி.ஐ. 2016, அண்ணே."

"அடுத்தது," என்றார்.